நால்வர் சேர்ந்து ஆட வீட்டுக்கு எந்த வலை? கழற்றி மாட்டக்கூடிய மட்டை விளையாட்டுக் கருவிகள் குறித்து ஓர் ஒப்பீடு

வீட்டில் நான்கைந்து பேர் சேர்ந்து மட்டை பிடித்து ஆடுவதற்கு ஏதாவது வாங்கலாம் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் மட்டையிலிருந்துதான் தேடத் தொடங்குகிறார்கள். எந்த மட்டை இலேசானது, எது நீண்ட நாள் உழைக்கும், எத்தனை மட்டைகள் சேர்ந்த பெட்டியை வாங்கினால் இலாபம் என்றெல்லாம் பார்த்துவிட்டு, வலையை அந்தப் பெட்டியோடு வரும் துணைப்பொருளாக ஏற்றுக்கொண்டு விடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுமாரான மட்டையை வைத்துக்கொண்டே பல மாதங்கள் மகிழ்ச்சியாக ஆட முடியும். ஆனால் நடுவில் தொய்ந்து தொங்கும் வலையும், ஒவ்வொரு முறையும் போராடிப் பொருத்த வேண்டிய சட்டமும், வாங்கிய புதிதில் இருந்த ஆர்வம் குறைந்தவுடன் பரணுக்குப் போய்விடும். ஆகவே முதலில் இடம், அடுத்து ஆடப்போகிறவர்களின் எண்ணிக்கையும் திறமையும், பிறகு வலை, கடைசியில் மட்டை என்ற வரிசையில் முடிவெடுப்பதே நல்லது.

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் ஒன்றை ஒதுக்கிவிடலாம். பேடல் என்ற ஆட்டம் இப்போது பலருடைய கவனத்தை ஈர்த்திருக்கிறது. அது நால்வர் ஆடுவதற்கென்றே அமைந்த அருமையான ஆட்டம். ஆனால் 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட களத்தைச் சுற்றிக் கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும் இருந்தால்தான், சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை அடிக்கும் அதன் உயிர்ப்பகுதியே நடக்கும். மடித்துப் பையில் வைக்கக்கூடிய கருவிகளைத் தேடுகிறவர்களுக்கு அது பொருந்தாது. எஞ்சியிருப்பவை சிறு மட்டையால் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை அடித்து ஆடும் பிக்கிள்பாலுக்கான வலை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பல்பயன் வலை, எந்த மேசையிலும் கவ்வி நிற்கும் டேபிள் டென்னிஸ் வலை, வலையே இல்லாமல் ஆடும் மரமட்டைகள் ஆகியவை.

இவற்றுள் பிக்கிள்பால் வீட்டிலேயே பிறந்த ஆட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். 1965 கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் பொழுதுபோகாமல் இருந்த தம் குடும்பத்தாருக்காகப் பழைய பேட்மிண்டன் களத்தில் ஏதாவது ஆடலாம் என்று பார்த்தார்கள். முழுமையான பேட்மிண்டன் கருவிகள் கிடைக்காததால் டேபிள் டென்னிஸ் மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டார்கள். பந்து தார்த்தளத்தில் நன்றாகத் துள்ளியதால் 60 அங்குல உயரத்தில் இருந்த வலை 36 அங்குலத்துக்கு இறங்கியது. பின்னர் அவர்களோடு சேர்ந்த பார்னி மெக்கல்லமும் விதிகளை உருவாக்குவதில் பங்கெடுத்தார். இருக்கிற இடத்தையும் இருக்கிற பொருளையும் வைத்து, பெரியவர்களும் சிறுவர்களும் ஒன்றாக ஆடுவதற்காக உருவானது என்பதால், வீட்டு முற்றத்தில் அளவுகளைக் கொஞ்சம் முன்பின்னாக வைத்துக்கொள்வது அந்த ஆட்டத்தின் இயல்புக்கு மாறானதன்று.

அதன் களம் 20 அடி அகலமும் 44 அடி நீளமும் கொண்டது. பேட்மிண்டன் இரட்டையர் களத்தின் அளவும் ஏறக்குறைய அதுவேதான். வலை ஓரக்கோடுகளில் 36 அங்குலமும் நடுவில் 34 அங்குலமும் இருக்க வேண்டும். வலைக்கு இருபுறமும் ஏழு ஏழு அடி தூரத்துக்கு, தரையில் படாத பந்தை அடிக்கக்கூடாத பகுதி ஒன்று உண்டு. அதைக் கிச்சன் என்று அழைக்கிறார்கள். சர்வீஸைப் பொதுவாகக் கீழிருந்து மேலாகத்தான் போட வேண்டும். அந்தப் பந்து ஒரு முறையும், அதை எதிரணியினர் திருப்பி அடித்த பந்து ஒரு முறையும் தரையில் பட்ட பிறகே ஆட்டம் முழு வேகம் பிடிக்கும். இந்த மூன்று விதிகளும் சேர்ந்து பலசாலியின் கையைக் கட்டிப்போடுகின்றன. வேகமாக சர்வீஸ் போட்டே புள்ளிகளைக் குவித்துவிடலாம் என்றோ, வலைக்கு மேலேயே நின்று அடித்து நொறுக்கிவிடலாம் என்றோ யாரும் எண்ண முடியாது.

பலர் சேர்ந்து ஆடும் வீட்டுக்கு இதைவிட முக்கியமான வேறுபாடு இரட்டையர் ஆட்டத்தில் இருக்கிறது. கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. டேபிள் டென்னிஸில் ஓர் அணியின் இருவரும் மாறி மாறித்தான் பந்தை அடிக்க வேண்டும். முறை தவறி அடித்தால் புள்ளி போய்விடும். அதனால் அணியில் இருக்கும் பத்து வயதுச் சிறுமிக்கு வரும் பந்தைப் பக்கத்தில் நிற்கும் அப்பா எடுத்துத் தர முடியாது. எதிரணியில் இருப்பவர் நன்றாக ஆடத் தெரிந்தவராக இருந்தால், அந்தச் சிறுமியின் முறை வரும்போதெல்லாம் புள்ளி கைவிட்டுப் போகும். பிக்கிள்பாலிலும் பேட்மிண்டனிலும் அந்தக் கட்டாயம் இல்லை. சர்வீஸும் அதை எதிர்கொள்ளும் முதல் அடியும் முடிந்த பிறகு, பந்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தாத்தா தம் இடத்தைவிட்டு அதிகம் நகராமல் தமக்கு எட்டுவதை மட்டும் அடிக்க, பேரன் மற்றதையெல்லாம் ஓடி எடுக்கலாம். திறமையில் ஏற்றத்தாழ்வு உள்ள குடும்பத்துக்கு இது சிறிய சலுகை அன்று. அடுத்த வாரமும் எல்லோரும் ஆட வருவார்களா என்பதையே இது தீர்மானிக்கும்.

இனி வலைக்கு வருவோம். எடுத்துச் செல்லக்கூடிய முழு அளவு பிக்கிள்பால் வலையின் சட்டம் பெரும்பாலும் பவுடர் பூச்சுள்ள எஃகுக் குழாய்களால் ஆனது. பையோடு சேர்த்து ஏறத்தாழ பத்து கிலோ எடை இருக்கும். குழாயின் முனையில் உள்ள சிறு பொத்தானை உள்ளே அழுத்தி, அடுத்த குழாயின் துளைக்குள் அது சொடக்கென்று வந்து நிற்கும்வரை தள்ள வேண்டும். எந்தக் குழாய் எதோடு சேரும் என்று எண்ணோ நிறமோ குறிக்கப்பட்டிருந்தால் இரண்டாம் முறையிலிருந்தே வேலை சுலபமாகிவிடும். உள்ளே மீள்கயிறு கோக்கப்பட்டுக் குழாய்கள் ஒன்றோடொன்று பிணைந்தே இருந்தால் இன்னும் சுலபம். அடுத்து, நடுவில் தாங்கும் கால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 22 அடி நீளமுள்ள கிடைக்குழாய், நடுவில் தாங்கல் இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் வளைந்துவிடும். வலையின் மேல்விளிம்பை இழுத்துப் பிடிக்கும் பட்டையும், நடுவில் உயரத்தைச் சரிசெய்யும் பட்டையும் தனித்தனியாக இருப்பது நல்லது. நடுப்பகுதி 34 அங்குலத்தில் நிற்கிறதா என்று அளவு நாடாவை வைத்து ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். அது 30 அங்குலத்துக்கு இறங்கியிருந்தால், எல்லோரும் நடுவிலேயே அடித்துப் பழகுவார்கள், ஓரங்களுக்குப் பந்தே போகாது.

சக்கரம் வைத்த சட்டங்களும் உண்டு. வாகனம் நிறுத்தும் தளத்தில்தான் ஆடப்போகிறோம், ஆடி முடித்ததும் வலையைப் பிரிக்காமல் சுவரோரம் தள்ளிவைக்க இடம் இருக்கிறது என்றால், கூடுதல் எடையையும் பொருட்படுத்தாமல் அதையே வாங்கலாம். பொருத்துகிற வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அடிக்கடி ஆட்டம் நடக்கும். சக்கரங்களுக்குப் பூட்டு இருக்க வேண்டும். சக்கரம் இல்லாத சட்டமாக இருந்தால், இரு முனைகளிலும் தரையில் நீண்டு கிடக்கும் கால்கள் களத்துக்குள் எவ்வளவு தூரம் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். பந்தைப் பார்த்தபடி ஓரமாக ஓடி வருகிறவர் அவற்றில்தான் தடுக்கி விழுவார். காற்று அடிக்கும் இடமென்றால் ஒவ்வொரு காலின் மேலும் ஒரு மணல் பை தேவைப்படும்.

இடம் குறைவாக இருப்பவர்கள் 10 அல்லது 12 அடி அகலமுள்ள அரை வலையை வாங்கலாமா என்று கேட்பது இயல்பு. இருவர் மட்டும் ஆடுவதென்றால் தாராளமாக வாங்கலாம். எடை பாதியாகும், பொருத்தும் வேலையும் குறையும், இறுக்கமும் நன்றாக நிற்கும். ஆனால் நால்வருக்கு அது போதாது. முழுக் களத்தில் இருவர் பக்கம் பக்கமாக நிற்கும்போது ஆளுக்குப் பத்தடி அகலம் கிடைக்கிறது. 12 அடி வலையில் அது ஆறடியாகச் சுருங்குகிறது. இருவரும் கையை நீட்டி மட்டையை வீசினால் நடுவில் மட்டையும் மட்டையும் மோதும். சில வேளை மட்டை விரலில் படும். ஆகவே பலர் ஆடும் வீட்டில் அகலத்தைக் குறைக்காமல் நீளத்தைக் குறைக்க வேண்டும். கடினமான பிளாஸ்டிக் பந்துக்குப் பதிலாக மென்மையான ஃபோம் பந்தைப் பயன்படுத்தினால் வேகம் தானாகவே குறையும்; 44 அடி நீளம் முப்பது அடியாகக் குறைந்தாலும் ஆட்டத்தின் சுவை கெடாது. அகலமும் 12 அடிதான் என்றால், அரை வலையை வாங்கி ஒற்றையர் ஆட்டமாக வைத்துக்கொண்டு, ஐந்து புள்ளிகளில் தோற்றவர் வெளியேறி அடுத்தவர் உள்ளே வரும் முறையில் ஆடலாம். ஆட்டம் குறுகியதாக இருப்பதால் வெளியே நிற்பவர்கள் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

தரை எப்படிப்பட்டது என்பதும் இங்கேதான் முடிவைத் திருப்புகிறது. பிக்கிள்பால் பந்து சிமெண்ட், தார், கெட்டியான மரத்தளம் போன்றவற்றில்தான் ஒழுங்காகத் துள்ளும். புல்தரையில் அது செத்துப்போகும். மண் தரை இறுகியிருந்தாலும் மேடுபள்ளம் இருந்தால் பந்து திசை மாறும். வீட்டைச் சுற்றிப் புல்தான் இருக்கிறது என்றால், தரையில் பட வேண்டிய தேவையே இல்லாத பேட்மிண்டன்தான் சரியான தேர்வு. காற்று மட்டுமே அதற்கு எதிரி. இறகுப் பந்தின் எடை ஐந்து கிராம் அளவில்தான் இருக்கும் என்பதால், இளங்காற்றுகூட அதைக் களத்துக்கு வெளியே கொண்டுபோய்விடும். மரங்களோ மதிலோ காற்றைத் தடுக்கும் மூலையாகப் பார்த்து வலையைக் கட்ட வேண்டும்.

சிமெண்டும் உண்டு, புல்லும் உண்டு, பிள்ளைகள் டென்னிஸும் கேட்கிறார்கள் என்னும் வீட்டில் உயரத்தை மாற்றக்கூடிய பல்பயன் வலை கவர்ச்சியாகத் தெரியும். ஒரே சட்டத்தை பேட்மிண்டனுக்கு 155 செ.மீ., பிக்கிள்பாலுக்கு 91 செ.மீ., சிறுவர் டென்னிஸுக்கு 80 செ.மீ. என்று மாற்றிக்கொள்ளலாம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பம் உயர உயர, மேலே கட்டிய வலையின் இழுவிசை இரு கம்பங்களையும் உள்பக்கம் சாய்க்கிறது. சாய்ந்தவுடன் வலை தொய்கிறது. தொய்வை நீக்க மேலும் இறுக்கினால் கம்பங்கள் மேலும் சாய்கின்றன. இதைத் தடுப்பவை அகலமான, எடையுள்ள அடிப்பகுதியும் புல்தரையில் முளையடித்துக் கட்டும் கயிறும் மட்டுமே. அவை இல்லாத சட்டத்தை பேட்மிண்டன் உயரத்தில் நம்ப முடியாது. வலையின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். முறையான பேட்மிண்டன் வலை 76 செ.மீ. ஆழம் கொண்டது; அதை 91 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் தரைக்கும் வலைக்கும் இடையே 15 செ.மீ. இடைவெளிதான் இருக்கும், பந்து அதில் நுழைவது அரிது. பல்பயன் வலைகள் சில இதைவிட ஆழம் குறைந்தவை. அவற்றில் பந்து வலைக்கு மேலே போனதா கீழே போனதா என்ற சண்டையைத் தீர்க்கவே ஒருவர் தேவைப்படுவார். இரண்டு ஆட்டங்களையும் உண்மையாகவே ஆடப்போகிறோம் என்ற உறுதி இருந்தால் மட்டும் இதை வாங்குங்கள். என்றாவது ஆடலாம் என்பதற்காக வாங்கினால், இரண்டுக்கும் அரைகுறையாகப் பயன்படும் ஒன்றுதான் கையில் இருக்கும்.

வெளியே இடமே இல்லாத வீடுகளுக்கு டேபிள் டென்னிஸ் இருக்கிறது. சுருள்வில்லால் உள்ளே சுருண்டுகொள்ளும் வலை, இரு முனைகளிலும் ரப்பர் பதித்த கவ்விகள், இவ்வளவுதான் கருவி. சாப்பாட்டு மேசையின் இருபுறமும் கவ்வியை மாட்டி இழுத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் களம் தயார். எடையும் விலையும் குறைவு. ஓர் அலமாரி இழுப்பறைக்குள் அடங்கிவிடும். வாங்கும் முன் மூன்றை அளந்துகொள்ள வேண்டும். மேசையின் அகலம் வலை நீளும் அளவுக்குள் இருக்க வேண்டும். பலகையின் கனம் கவ்வி திறக்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். பல கவ்விகள் நான்கு அல்லது ஐந்து செ.மீ. வரையே திறக்கும். மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்: சில மேசைகளில் பலகையின் அடியில், விளிம்பை ஒட்டியே மரச்சட்டம் ஓடும். அந்தச் சட்டம் குறுக்கே நின்றால் கவ்வி உள்ளே போகவே போகாது. கையைப் பலகைக்கு அடியில் விட்டுத் தடவிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். கண்ணாடி மேசையில் இந்தக் கவ்விகளை மாட்டவே கூடாது.

அந்த மேசை ஆடத் தகுந்ததா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. முறையான மேசையில் 30 செ.மீ. உயரத்திலிருந்து விடப்படும் பந்து ஏறத்தாழ 23 செ.மீ. வரை எழும்ப வேண்டும். மேசையின் மேல் அளவுகோலை நிறுத்தி, பந்தை நடுவிலும் மூலைகளிலும் மாற்றி மாற்றி விட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் துள்ளினால், 23-க்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் ஒரு மாதிரியும் துள்ளினால் சில நாளில் எல்லோருக்கும் சலித்துவிடும். மேசையின் உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விதிப்படி 76 செ.மீ., சாப்பாட்டு மேசைகளும் ஏறத்தாழ அந்த உயரமே.

அளவுதான் உண்மையான குறை. முறையான மேசை 2.74 மீட்டர் நீளமும் 1.525 மீட்டர் அகலமும் கொண்டது. சாப்பாட்டு மேசை பெரும்பாலும் அதில் பாதியளவே இருக்கும். அதில் நால்வர் இரட்டையராக ஆடினால், மாறி மாறி அடிக்கும் விதியால் ஒருவர் அடித்தவுடன் விலகி மற்றவருக்கு வழிவிட வேண்டும். நாற்காலிகளுக்கும் சுவருக்கும் நடுவே அதற்கு இடமிருக்காது. ஆனால் பலர் ஆட டேபிள் டென்னிஸில் வேறொரு வழி இருக்கிறது. ஐந்தாறு பேர் இரு பக்கமும் வரிசையாக நின்று, ஒருவர் ஒரு முறை அடித்தவுடன் மேசையைச் சுற்றி ஓடி எதிர்ப்பக்க வரிசையில் சேர்ந்துகொள்ள வேண்டும். தவறவிட்டவர் வெளியேற வேண்டும். சிறிய மேசை இதற்குத் தடையாக இல்லாமல் உதவியாகவே அமைகிறது, ஏனென்றால் சுற்றி ஓடும் தூரம் குறைவு. ஆட ஒருவருக்கொருவர் சமமான திறமை வேண்டியதில்லை, கேட்பதெல்லாம் சுறுசுறுப்புதான். மழை நாளில் வீடு நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது இதற்கு இணையான ஏற்பாடு வேறில்லை என்றே சொல்வேன்.

இருக்கிற மேசையின் மேல் பரப்பிவைக்கும் இரண்டு துண்டுப் பலகைகளும் விற்கப்படுகின்றன. முழு அளவு கிடைக்கும், துள்ளலும் சீராக இருக்கும். ஆனால் கனமான பலகையில்தான் துள்ளல் நன்றாக வரும், கனமான பலகையைத் தூக்கிவைக்க இரண்டு பேர் வேண்டும். மேசைக்குப் பின்னால் இரு பக்கமும் குறைந்தது ஒன்றரை மீட்டராவது காலியாக இருந்தால்தான் முழு அளவுக்குப் பொருள் உண்டு. அதாவது அறையின் நீளம் ஆறு மீட்டரை நெருங்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் பலகைக்குச் செலவழிக்காமல் சுருள் வலையோடு நிற்கலாம்.

வலையே இல்லாத மரமட்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிரேசில் நாட்டுக் கடற்கரைகளில் ஃபிரெஸ்கோபால் என்றும், இஸ்ரேலில் மட்கோட் என்றும் ஆடப்படும் இந்த வகையில், எதிரே நிற்பவரைத் தோற்கடிப்பது நோக்கமன்று. பந்தைத் தரையில் விடாமல் எத்தனை முறை மாற்றி அடிக்கிறோம் என்பதே ஆட்டம். எடுத்துச் செல்ல இதைவிட எளிதானது கிடையாது. இரண்டு பேருக்கு நிறைவாகவும் மூன்று பேருக்கு ஓரளவும் இருக்கும், அதற்கு மேல் கூடினால் ஒழுங்கு போய்விடும். முதன்மைக் கருவியாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். களத்துக்கு வெளியே தம் முறைக்காகக் காத்திருப்பவர்கள் கையில் ஒரு சோடி இருந்தால் நல்லது.

மட்டைக்கும் பந்துக்கும் இப்போது வரலாம். பிக்கிள்பால் மட்டைகளில் முழு மரத்தாலானவை மலிவானவை, ஆனால் 300 கிராமைத் தாண்டுபவை. அரை மணி நேரத்தில் சிறுவர்களின் மணிக்கட்டு நோகும். தேன்கூடு போன்ற பாலிபுரொப்பிலீன் உட்பகுதிமேல் கண்ணாடி இழை ஒட்டிய மட்டைகள் 200 முதல் 240 கிராம் வரை இருக்கும். கார்பன் மட்டைகளுக்கான கூடுதல் செலவு வீட்டு ஆட்டத்தில் தெரியவே தெரியாது. அந்தப் பணத்தை வலைச் சட்டத்தில் போடுங்கள். நான்கு மட்டைகளையும் ஒரே வகையாக வாங்குவது நல்லது, நல்ல மட்டை யாருக்கு என்ற பேச்சே எழாது. வெளியில் ஆடும் பந்தில் சிறிய துளைகள் 40-ம், உள்ளரங்கப் பந்தில் பெரிய துளைகள் 26-ம் இருப்பது வழக்கம். காற்றில் முன்னது ஓரளவு நேராகப் போகும். கடினப் பந்து மட்டையில் படும் ஓசை கூர்மையானது, நெடுந்தூரம் கேட்கும். பக்கத்து வீட்டுச் சுவர் அருகில் இருந்தால் ஃபோம் பந்து கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்காக இரண்டு செய்திகள். இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நிற்பவரின் முகத்துக்குப் பந்து மிகக் குறுகிய தூரத்திலிருந்து வரும், எனவே கண் பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும். தலைக்கு மேலே போகும் பந்தை எடுக்க, உடலைத் திருப்பாமல் அப்படியே பின்னோக்கி ஓடுவது, முதியவர்கள் விழுவதற்கு முக்கியக் காரணம். திரும்பி ஓடச் சொல்லிக் கொடுங்கள், அல்லது அந்தப் பந்தை விட்டுவிடலாம் என்று வீட்டு விதி வைத்துக்கொள்ளுங்கள். களத்தின் பின்கோட்டுக்கு அப்பால் எட்டடியும் பக்கங்களில் ஐந்தடியும் காலியாக இருப்பது நல்லது. கோடு போட ரப்பர் பட்டைகள் கிடைக்கின்றன. வழவழப்பான தரையில் அவை காலுக்கடியில் வழுக்கும் என்பதால், அங்கே சுண்ணக்கட்டியே மேல்.

பணம் கொடுப்பதற்கு முன் அந்தச் சுண்ணக்கட்டியாலேயே உங்கள் தளத்தில் 20 அடிக்கு 30 அடி கட்டம் ஒன்றை வரையுங்கள். நடுவில் இரண்டு நாற்காலிகளுக்கு இடையே 34 அங்குல உயரத்தில் கயிறு கட்டி, ஆடப்போகிற நால்வரையும் கையில் ஏதாவது அட்டையைக் கொடுத்து நிற்கவையுங்கள். பக்கத்தில் நிற்பவர்மேல் படாமல் இருவரும் கையை முழுதாக வீச முடிகிறது, பின்னால் ஓட இடமும் இருக்கிறது என்றால் முழு அகல பிக்கிள்பால் வலையை வாங்குங்கள். கட்டம் வரையவே அகலம் போதவில்லை, ஆனால் நீளம் இருக்கிறது என்றால் அரை வலை. இரண்டுமே இல்லை என்றால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் கையை விட்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள்.